வாலை மட்டும் தொடாதே

ஓர் அடி நீளமுள்ள செம்புக் குழாய். பருமன் சுண்டுவிரல் அளவு. இரண்டு முனையும் மூடியிருக்கும். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர், சுவரோடு ஒட்டிச் சுருட்டி வைத்த மெல்லிய கம்பி வலை, அவ்வளவுதான், காற்றுகூடக் கிடையாது. காற்று இல்லாததுதான் அதற்கு உயிர். ஒரு முனையைச் சுடுதண்ணீரில் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து மறுபடியும் தண்ணீராகி, வலை வழியாக ஊறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். மூன்று எண்ணுவதற்குள் மேல்முனை கையைச் சுடும். அதே நீளத்துக்கு ஒரு கெட்டிச் செம்புக் கம்பியை வைத்துப் பார்த்தால் சூடு ஆற அமரத்தான் மேலே வந்து சேரும். ஹீட் பைப் என்று இதற்குப் பெயர். இதனிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. உயிரோடு இருக்கும் குழாயும் செத்துப்போன குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து காற்று புகுந்துவிட்டால் போதும், கதை முடிந்தது; ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. என் கைக்கு முதன்முதலில் வந்த ஹீட் பைப்பை நான்தான் கொன்றேன். கொன்றபிறகும் அது எங்கள் வீட்டு சாமி அலமாரியில் பளபளவென்று பொட்டு வைத்துக்கொண்டு இருந்தது.

அதைச் செய்தவளை நாற்பத்திரண்டு என்றே சொல்கிறேன். கல்லூரியில் அவளுடைய ரோல் நம்பர் அது. என்னுடையது நாற்பத்தொன்று. மெக்கானிக்கல் வகுப்பில் அறுபது பேரில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பெயர் வரிசையிலும் அடுத்தடுத்து வந்துவிட்டோம். லேப் ஆனாலும் பரீட்சை ஹால் ஆனாலும் எனக்குப் பின்னால் அவள். கடைசி வருஷம் புராஜெக்டுக்கு ஆட்களைப் பிரித்தபோதும் எங்களை யாரும் கேட்கவில்லை. பையன்கள் நான்கு நான்கு பேராகவும், நாங்கள் இரண்டு பேராகவும் பிரிக்கப்பட்டோம். எங்களுக்குள்ளும் நம்பர்தான். 'நாப்பத்தொண்ணு, கேன்டீனுக்கு வரியாடி' என்பாள். அவள் வீடு குருசுக்குப்பத்தில். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். நான் உழவர்கரைப் பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு காலனி. அப்பா அரசாங்க அலுவலகம், வீட்டுக்கு ஒரே பெண், கேட்டது கிடைக்கும்.

ஹீட் பைப் செய்யலாம் என்று சொன்னது நான். அதற்கான கணக்குகளைப் போட்டதும், படம் வரைந்ததும், அறிக்கையை அழகாக எழுதியதும் நான். செய்தது அவள். எனக்கு ஒரு திருகாணியை நேராகத் திருக வராது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்த வயது அது. அவளுடைய அக்கா வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஃபிரிட்ஜுக்குள் காஸ் ஏற்றியதும் மெல்லிய செம்புக் குழாயை நசுக்கி மூடுவதற்கென்று அவர்களிடம் ஒரு பிளையர் இருக்கும். அதை வாங்கி வந்தாள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர், ஹார்டுவேர் கடையில் வாங்கிய பித்தளைக் கம்பி வலை, இரண்டு செம்பு மூடிகள். ஒரு மூடியில் மட்டும் மெல்லிய குழாய் ஒன்று வால்போல் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை அதன் வழியாக ஏற்றி, கீழே சூடு காட்ட வேண்டும். உள்ளே தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பி, இருக்கிற காற்றையெல்லாம் வால் வழியாக வெளியே தள்ளும். காற்று முழுக்கப் போய், ஆவி மட்டும் வந்துகொண்டிருக்கும் அந்த நேரம் பார்த்து வாலை நசுக்கி மூடிவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் காற்று உள்ளே தங்கிவிடும். கொஞ்சம் பிந்தினால் தண்ணீரெல்லாம் போய்விடும்.

நான்கு குழாய்கள் வீணாயின. ஒவ்வொரு முறையும் நான் கடிகாரத்தைப் பார்த்து 'இப்போ' என்று சொல்வேன், அவள் நசுக்குவாள், அது சுடாது. ஐந்தாவது முறை, 'நீ கொஞ்சம் வாய மூடு' என்றாள். தலையைச் சாய்த்து ஆவி வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் பொத் பொத்தென்று துப்பியது. பிறகு இழுத்து இழுத்து வந்தது. பிறகு ஒரே சீராக, இடைவெளியே இல்லாமல் வரத் தொடங்கியது. அவள் பிளையரை அழுத்தினாள். வால் முனையை வெட்டி, அதன்மேல் ஈயம் வைத்துப் பற்ற வைத்தாள். சப்பையாக, கறுத்து, கோணலாக இருந்தது. 'நெத்திலி வால் மாதிரி இருக்குடி' என்றேன். 'இருந்துட்டுப் போவுது' என்று சொல்லிவிட்டுக் குழாயைச் சுடுதண்ணீரில் வைத்து, மேல்முனையை என் கையில் கொடுத்தாள். நான் இரண்டு வரைதான் எண்ணினேன். கையை உதறிக்கொண்டு அலறினேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றைக்கு லேபில் இருந்த அத்தனை பையன்களையும் வரிசையாகக் கூப்பிட்டுத் தொடச் சொன்னோம்.

முதல் ரிவ்யூ ஆயுதபூஜை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை. குளிர்சாதன இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார், புராஜெக்டுகளைப் பார்த்து ஒரே ஒருவரைத் தங்கள் சோதனைக் கூடத்துக்குப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அது கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் மேலே படிக்கலாம். அவளுக்கு அப்படி இல்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 'கையில வேலைன்னு ஒரு பேப்பர் இருந்தா அப்பா தள்ளிப் போடறேன்னு சொல்லிருக்காரு. இல்லன்னா மே மாசமே தாலிதான்' என்று சொல்லியிருந்தாள். சொல்லும்போது சிரித்தாள். ஆனால் அந்த அதிகாரி வரும் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை, விடுமுறைக்குப் புறப்படும்போது, குழாயை யார் வீட்டில் பூஜைக்கு வைப்பது என்று பேச்சு வந்தது. 'எங்க வூட்ல வலையும் எஞ்சினும் வெச்சாலே எடம் பத்தாது. நீயே எடுத்துட்டுப் போ' என்று ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள். பஸ் ஏறும்போது கூப்பிட்டுச் சொன்னாள்: 'வால மட்டும் தொடாத.' சரி என்றேன்.

சரஸ்வதி பூஜை அன்று காலை அம்மா குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் குழாயை விளக்கினேன். சூட்டில் கறுத்திருந்த செம்பு, புளியும் உப்பும் பட்டதும் புதுப் பெண் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வால் மட்டும் அப்படியே அசிங்கமாக இருந்தது. எவ்வளவு தேய்த்தும் ஈயக் கட்டி போகவில்லை. அவ்வளவு பெரிய அதிகாரி கையில் வாங்கிப் பார்க்கப்போகிற சாமான் இப்படியா இருப்பது என்று எனக்குத் தோன்றியது. அவள் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. தொடாதே என்றால் உடைக்காதே என்று அர்த்தம், தேய்த்தால் என்ன என்று எனக்கு நானே ஒரு வியாக்கியானம் செய்துகொண்டேன். அப்பாவின் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்து வந்து ஈயத்தை மழமழவென்று தேய்த்தேன். கோணலாக இருந்த வாலை விரலால் பிடித்து மெதுவாக நிமிர்த்தினேன். அப்போது ஸ் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பக்கத்தில் தண்ணீர்ப் பைப் திறந்து கொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு வசதியாக இருந்தது. சந்தனமும் குங்குமமும் வாலில் வைத்துப் புத்தகங்களுக்கு மேல் கிடத்தினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாது. எனக்கும் எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, விஜயதசமி. காலையில் மறுபூஜை முடிந்ததும் குழாயை எடுத்துக்கொண்டு போய், அடுப்பில் கொதித்த வெந்நீரை ஒரு சொம்பில் ஊற்றி அதில் நிறுத்தி, மேல்முனையைப் பிடித்தேன். மூன்று எண்ணினேன். பத்து எண்ணினேன். முப்பது வரை எண்ணினேன். குழாயின் கீழ்ப்பாதி கொதித்தது. மேலே குளிர்ந்த செம்பு. அம்மா பொரி கடலையை எடுத்துக்கொண்டு வந்து, 'என்னாச்சு, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு' என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

திங்கட்கிழமை வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க அவளுக்கு நேரம் இருக்கக்கூடாது என்பதுதான் காரணம். இதைவிட நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் லேப் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த சுடிதார். துணியைப் பிரித்ததும் அவளுக்கு முகம் மாறியது. 'தேச்சியா?' என்றாள். 'அம்மாதான் பூஜைக்குப் புளி போட்டு வெளக்கிட்டாங்க' என்றேன். 'வால தொடலயே?' 'இல்லடி.' வால் முழுக்கக் காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. சனிக்கிழமை நான் அதன்மேல் இன்னொரு முறையும் அப்பியிருந்தேன். முக்கியமான காரியத்துக்குப் போகும்போது பூஜைப் பொட்டை யார் துடைப்பார்கள்? அவளும் துடைக்கவில்லை. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு சிட்டிகை குங்குமத்தில் மறைத்தேன்.

அதிகாரி எங்கள் மேசைக்கு வந்தபோது மணி பதினொன்று இருக்கும். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர், 'இந்தப் பொண்ணுங்க கையாலயே செஞ்சது சார்' என்று அறிமுகம் செய்தார். நாற்பத்திரண்டு குழாயை வெந்நீரில் வைத்து, 'மேல புடிங்க சார், மூணு எண்றதுக்குள்ள சுடும்' என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பொட்டு வைத்த வாலுக்குக் கீழே பிடித்தார். அவள் சத்தமாக எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் சிரித்தபடியே நின்றார். அவள் நான்கு, ஐந்து என்று தொடர்ந்தாள். குரல் இறங்கிக்கொண்டே போனது. 'சுடலயேம்மா' என்றார் அவர். அவள் வெந்நீரில் விரலை விட்டுப் பார்த்தாள். குழாயைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். பேராசிரியர், 'சீல் பண்ணது யாரு?' என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். 'நான்தான் சார்' என்றாள்.

அவள் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் சுடவில்லை என்று அதிகாரி பொதுவாகக் கேட்டார். நான் பேசினேன். உள்ளே காற்று போயிருக்கிறது, ஆவி ஓடும்போது அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு போய் மேல்முனையில் அடைத்து வைத்துவிடும், காற்று அடைத்திருக்கும் இடத்துக்கு ஆவி வர முடியாது, அதனால்தான் கீழ்ப்பாதி சுடுகிறது மேல்பாதி சுடவில்லை, மூடிய இடத்தில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலே போதும் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். கசிவைக் கண்டுபிடிக்க என்னென்ன செய்யலாம் என்றும் சொன்னேன். ஒரு தடுமாற்றம் இல்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். 'வேலை செய்யறப்ப எல்லாரும் வெளக்கம் சொல்லுவாங்க. வேலை செய்யாதப்ப இவ்வளவு தெளிவா சொல்றவங்கதான் டெஸ்டிங்குக்கு வேணும்' என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கையையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். 'ஈயம் சரியா ஒட்டலபோல. கொஞ்சம் கொஞ்சமா காத்து இழுத்திருக்கு. எனக்குக் கைராசி இல்லடி' என்றாள். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. இறங்கும்போது, 'உனக்காவது கெடச்சுதே' என்று என் தோளைத் தட்டினாள். அடுத்த பருவத்தில் இன்னொரு குழாய் செய்யலாம் என்று பேராசிரியர் சொன்னபோது அவள் பிளையரைத் தொட மறுத்துவிட்டாள். புராஜெக்டைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து முடித்தோம். மே மாதம் கல்யாணம் நடந்தது. நான் ஒரு குத்துவிளக்கு கொடுத்தேன், மேடையில் அவள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சோதனைக் கூடத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறேன், சென்னையில். வருஷா வருஷம் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பது நான். அதில் இந்தக் கதையைச் சொல்வேன், சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். தோழி சீல் செய்தாள், கசிந்துவிட்டது, நான் காரணத்தைச் சொன்னேன், வேலை கிடைத்தது, ஆகவே பிள்ளைகளே தோல்வியைக் கண்டு பயப்படாதீர்கள். எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கடைசியில் எனக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. போன வருஷம் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, 'அந்த சீல் பண்ணவங்க இப்ப என்ன பண்றாங்க மேடம்?' என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அதற்குமேல் வகுப்பு ஓடவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது விசாரித்துக்கொண்டு போனேன். அரியாங்குப்பத்தில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கீழ்த்தள வீடு. பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுக்கிறாள். சுவரில் கரும்பலகை. 'நாப்பத்தொண்ணு' என்று வாசலிலேயே கட்டிக்கொண்டாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது, சிரிப்பு அதேதான். டீ போடப் போனவள் திரும்பி வந்தாள். 'காஸ் தீந்துபோச்சுடி. உக்காரு, மாடி வூட்டு அண்ணன் இப்ப வந்துருவாரு, அவரு வந்து மாத்தினதும் போடறேன்' என்றாள். வேறு சிலிண்டர் இல்லையா என்று கேட்டேன். 'சிலிண்டர் இருக்கு. நான் மாட்ட மாட்டேன். என் கைல மாட்டினா எதுவும் லீக் ஆவும், உனக்குத்தான் தெரியுமே' என்று சொல்லிச் சிரித்தாள். என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

சொன்னேன். புளி, உப்புத்தாள், நிமிர்த்திய வால், அந்தச் சத்தம், குங்குமம், தொடவில்லை என்று சொன்ன பொய், எல்லாவற்றையும். முடித்ததும் அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சிலிண்டரைத் தரையில் உருட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ரெகுலேட்டரைக் கழற்றிப் புது சிலிண்டரில் வைத்து அழுத்தினாள்; அது டக்கென்று உட்கார்ந்தது. சோப்பு நுரையைத் தடவி, குனிந்து, குமிழ் வருகிறதா என்று வெகுநேரம் பார்த்தாள். வரவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகு போனை எடுத்து, 'அண்ணா, வர வேணாம், நானே மாட்டிட்டேன்' என்றாள். டீயைக் கொண்டுவந்து கொடுத்தபோது, 'பதினாறு வருஷமா இதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்' என்றாள், என்னிடம் சொல்வதுபோல இல்லை.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போயிருந்தேன். டீயைக் குடித்துவிட்டு, கேட்காமலே எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: 'விஜயதசமி அன்னிக்குக் காலைலயே உனக்குத் தெரியும் இல்ல?'

'தெரியும்' என்றேன்.

'ரிவ்யூ திங்கக்கிழம. நடுவுல முழுசா ரெண்டு நாள் இருந்துச்சு. மீதிப் பைப்பு எங்க வூட்லதான் கெடந்துச்சு. ஒரு போன் போட்டிருந்தின்னா மாமா கடைல உக்காந்து மத்தியானத்துக்குள்ள இன்னொண்ணு செஞ்சிருப்பேனேடி.' கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு சின்ன வேலை ஆகாமல் போய்விட்டதே என்பதுபோல் சொன்னாள். 'அந்த ரெண்டு நாளும் என்னாதான் பண்ணிக்கிட்டு இருந்த?'

'வீட்லதான் இருந்தேன்' என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

வீட்டில்தான் இருந்தேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, குழாய் ஏன் சுடவில்லை என்பதை வரப்போகும் அதிகாரியிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று, தடுமாற்றம் போகும்வரை, திரும்பத் திரும்பப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.